கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"பிள்ளைக்குப் பசிச்சா பாட்டில் இருக்கு. நீ எதுக்கு எந்திரிக்கிற?" என்று மாமியார் மருமகளின் தோளை அழுத்திக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

முந்தாநாள் பெற்ற பிள்ளை நடையின் அந்தக் கோடியில், கண்ணாடி அறையில் கிடந்தது. அந்த மருத்துவமனையில் அதுதான் வழக்கம். காசு கட்டிய தாய்க்குத் தனி அறை, பிள்ளைக்குக் கண்ணாடி அறை. வெளியே நின்று உறவுக்காரர்கள் மூக்கு யார் சாயல், முழி யார் சாயல் என்று வழக்காடுவார்கள். அவர்கள் முன்னால் பிள்ளை அழக்கூடாதென்று நர்ஸ் வேளை தவறாமல் பாட்டிலைப் புகட்டிவிடுவாள். வயிறு நிறைந்த பிள்ளையைத் தாயிடம் கொடுத்தால் அது தூங்காமல் என்ன செய்யும்? வாய் வைக்கவில்லை, அதனால் தாய்க்குப் பால் இல்லை என்று கண்ணாடி முன்னால் நின்ற உறவுக்காரர்களிடமெல்லாம் மாமியார் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

பால் இல்லாதவளுக்குத்தான் ரவிக்கை நனைந்து மார்பு கல்லாய்க் கனத்தது.

"அத்தை, வலி உயிர் போகுது. பிள்ளைய என் பக்கத்துலயே போடச் சொல்லுங்க."

"பொது வார்டுலதான் பிள்ளையக் கட்டிக்கிட்டுக் கெடப்பாங்க. நமக்கென்ன தலையெழுத்தா?"

கணவன் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நர்ஸ் ஒரு மாத்திரையோடு வந்தாள். "இதப் போடுங்க, பால் வத்திடும். வலியும் போயிடும்."

மாமியார் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். கணவனும் செல்போனை விட்டு நிமிர, மூன்று பேரும் மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் உடம்பில் ஊறுவதற்கும் இவர்களிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் இங்கே நின்றதில் அங்கே பாட்டில் தாமதமாயிற்று. ஒரு பிள்ளை வீறிட்டது. அது தன் பிள்ளையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை அழுது அவள் கேட்டிருந்தால்தானே தெரியும்? அந்த நினைப்புதான் அவளை எழுப்பியது.

மாத்திரையைக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்தாள். "ஏய், எங்க போற?" என்று மாமியார் பின்னாலேயே ஓடினாள்; நர்ஸும் தொடர்ந்தாள்.

வேடிக்கை பார்த்து நின்ற உறவுக்காரர்களை விலக்கி அவள் உள்ளே போனாள். கைப்பட்டையில் தன் பெயரைத் தேடித்தான் பெற்ற பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து மாரோடு அணைத்தாள். அழுதுகொண்டிருந்த வாய் கவ்விக்கொண்டது.

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்க! திரைய இழுங்க!" என்று மாமியார் பதறினாள்.

நர்ஸ் கையைப் பிசைந்தாள். "இங்க திரையே கெடையாதும்மா. பாக்குறதுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கு."

பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது. கடைவாயில் பால் வழிந்தது.

"பாக்கட்டும் அத்தை," என்றாள் அவள். "பால் இல்லன்னு இவங்ககிட்டதானே சொன்னீங்க?"