அசையாத நேரம்

அண்ணன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வீசியபோது அது வழுக்கிக்கொண்டு வந்து தங்கையின் தட்டில் முட்டி நின்றது.

"படி. நீ எழுதினதுதானே?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருட வேலை. அவள் செயலிகள் எழுதுகிற நிறுவனத்தில் புரோகிராமர். அண்ணனின் கம்பெனி ஊழியர்களின் ஃபோனில் ஓடும் செயலியை எழுதியவள் அவள்தான். ஃபோன் ஆடுவதையும் சாய்வதையும் விழுவதையும் அறிகிற மோஷன் சென்சார் சொல்வதை அது விடாமல் வாங்கிக்கொள்ளும். யாராவது தவறி விழுந்தால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லும். அதற்காகத்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

கடிதம் வேறொன்று சொன்னது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் அவன் வேலை செய்யவில்லையாம். இனி ஃபோன் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அசைவில்லாவிட்டால் ஒலிக்கும். முப்பது வினாடிக்குள் தொடாவிட்டால் அது சும்மா இருந்த நேரம்.

"அன்னிக்கு லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள கிரீஸ்ல குளிச்சிட்டு இருந்தேன். ஃபோன் மேல டூல் பெட்டியில இருந்துச்சு. குழிக்குள்ள பையில எதையும் வெச்சுக்காதேன்னு சொன்னதும் இவனுங்கதான்."

"அண்ணா, அது ஃபோனோட அசைவைத்தான் பாக்கும். ஆள் வேலை செய்யறானான்னு அதுக்குத் தெரியாது."

"அப்போ லெட்டர்ல எதுக்குடி என் பேரு?"

அந்த ஐந்து நிமிட ஒலியையும் போன மாதம் அவளே எழுதியிருந்தாள், நின்றபடியே மயங்கிப்போகிறவர்களுக்கு என்று நம்பி. மூச்சு விடுகிற சின்ன அசைவைக் கணக்கில் சேர்க்காதபடி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

"நான் பேசறேன். அதுவரைக்கும் பையிலயே வெச்சுக்கோ," என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி ஃபோன் செய்தாள். அழவில்லை, கத்தினாள். லிஃப்டின் கூரைமேல் நின்று, உடம்பை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ஸ்பேனரை அழுத்திப் பிடித்திருந்திருக்கிறான். நெஞ்சருகே ஃபோன் அலறியது. தொடுவதற்காக ஒரு கையை எடுத்தான். ஸ்பேனர் நழுவி இரும்புச் சட்டத்தில் மோத, நடுவில் மாட்டிய இரண்டு விரல்கள் நசுங்கின.

ஆஸ்பத்திரியில் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்களன்று லிஃப்ட் கம்பெனி மேலாளர் அவளுடைய அலுவலகத்துக்கு வந்திருந்தார். மடிக்கணினியில் ஊழியர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. அசைந்தவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. அண்ணன் பெயர் சிவப்பில்.

அவள் சோதனைக்கு வைத்திருந்த ஃபோனை எடுத்தாள். மூலையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்த மேசை ஃபேனின் கழுத்தில் டேப் போட்டு ஒட்டினாள். பத்து நிமிடம் எல்லோரும் அதையே பார்த்தார்கள். திரையில் புதிய பெயரொன்று பச்சையாக முளைத்துப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

"உங்க கம்பெனியில இன்னிக்கு நல்லா உழைச்சது இதுதான் சார். சம்பளம் போடுங்க."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"ஃபேன்ல கட்டினா கண்டுபிடிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"பண்ணிடலாம் சார்," என்றார் அவளுடைய டீம் லீடர்.

அவள் ஃபேனை நிறுத்தினாள்.

"ரெண்டு விரல் போயிருக்கு. நீங்க ஃபேனைப் பத்திக் கேக்கறீங்க! விழுறவனைக் காப்பாத்தன்னு சொல்லி என்கிட்ட வாங்கி, நிக்கிறவனை விழ வெக்கறீங்களே, வெக்கமா இல்ல? இதுல இனி ஒரு வரி எழுத மாட்டேன்."

"பர்சனலா எடுத்துக்காதீங்க," என்றார் டீம் லீடர்.

"என் அண்ணன் கை சார் அது. வேற எப்படி எடுத்துக்கறது?"

அன்று மாலையே இரண்டு பக்கம் எழுதினாள். இந்த அளவீடுகளை வைத்து ஒருவர் வேலை செய்தாரா இல்லையா என்று சொல்லவே முடியாது, இதை உருவாக்கியவள் நான், காரணங்கள் இவை. கையெழுத்துப் போட்டு அண்ணன் வீட்டில் கொடுத்தாள். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை பதினொரு மெக்கானிக்குகள் மேலாளர் மேசைமேல் தங்கள் ஃபோன்களை வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பக்கம். செயலி போகும்வரை எந்த லிஃப்டிலும் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். மூன்று நாள் தாங்கினார் மேலாளர். நான்காம் நாள் செயலியை எடுத்தார்கள். அதே வாரம் அவளை வேலையிலிருந்தும் எடுத்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது: முந்தைய எச்சரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. ஒரே வரி. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தையும்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சேர்த்து டைப் பண்ணா இவனுங்க விரல் தேஞ்சா போயிடும்?"

"எனக்கும் அதே எரிச்சல்தான்ணா," என்றாள்.

அவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உன் மேலயும் கோவம் இருக்கு. அது அவ்வளவு சீக்கிரம் போகாது. சாப்பிட்டுட்டுப் போ."