விட்டாச்சு

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிய இருவரையும் போதகர் கையமர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. பூபாலன் வந்துட்டாரு."

கோகிலா நிமிர்ந்தாள். வாசலில் நின்ற காரிலிருந்து அவளுடைய அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். மலை வளைவுகளில் ஏறி வந்த கிறுகிறுப்பில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய அம்மா ஞானமணி நர்சம்மாவைக் கடைசியாகப் பார்க்க, மலைமேல் இருந்த வளப்பூர் நாடே திரண்டு வந்திருந்தது. அந்தக் கூட்டம் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டது. அந்த மரியாதைதான் கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாருடா சொன்னது அவருக்கு?"

"நாந்தாங்க்கா," என்றான் தம்பி இளங்கோ. "பெத்தவருக்குச் சொல்லாம எப்படி?"

"நம்மள விட்டுட்டுப் போறப்ப அவரு யாருக்குச் சொன்னாராம்?"

"செத்த ஊட்ல சண்டை வேண்டாங்க்கா."

முந்தின நாள் காலை, மிளகு காயப்போட்ட பாயருகே சாய்ந்த அம்மா பிறகு எழவில்லை. இப்போது வெள்ளைச் சேலையில், கைகளைக் கோத்துக்கொண்டு, யாரோ சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவளைப் போலப் படுத்திருந்தாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தாய் ஒரு உத்தமி. பிள்ளைகளை வேதத்துல வளர்த்தவங்க. இதோ, பிரிஞ்சு போன கணவரு மனந்திரும்பி வந்திருக்காரு. காணாமப் போனவன் திரும்பி வந்தா வீடு சந்தோஷப்படணும். முதல் மண்ணை அவரே போடட்டும்."

உத்தமி. அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வருவதற்கு அம்மா சாக வேண்டியிருந்தது என்று கோகிலா நினைத்தாள்.

அம்மா வேதத்தில் வளர்த்தது உண்மைதான். தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு அதிகாரம் வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னிக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்பாள். அவரவர் செய்த தப்பை அவரவர் சொல்ல வேண்டும். யாருக்குச் செய்தோமோ அவரிடமே, இன்னது என்று விண்டு சொல்ல வேண்டும். 'எல்லாத்துக்கும் மன்னிச்சிரு' என்பது அந்த வீட்டில் செல்லாது. சொல்லி முடித்ததும், தப்பைத் தாங்கியவர் "விட்டாச்சு" என்று சொல்லித் தன் கையால் சோறு போடுவார். சொல்லாதவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; கரண்டியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சோறு எப்படி இறங்கும் என்பது இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மாவும் தப்பவில்லை. "தலை வாரும்போது எரிச்சல்ல உன் முடிய இழுத்துட்டேன் கண்ணு," என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டிக்கொண்டு கோகிலாவின் முன்னால் உட்கார்வாள்.

ஒருமுறை அக்காவும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பாப்பாயியின் பலாப்பழத்தை அறுத்துத் தின்றார்கள். பிசின் ஒட்டிய வாயோடு இளங்கோ, "நா மட்டும் இல்லம்மா, அக்காதான் ஏணியப் புடிச்சா," என்றான்.

"அக்கா கதைய அக்கா சொல்லுவா. உங்கதையச் சொல்லு."

மறுநாள் அம்மா பாப்பாயியைச் சாப்பிடக் கூப்பிட்டு, பிள்ளைகள் இருவரையும் அவள் முன்னால் நிறுத்தினாள். பாப்பாயி சிரித்தே விட்டாள். "ஒரு பழத்துக்கா சாமி இந்த அழுவாச்சி? விட்டாச்சு, விட்டாச்சு. ஏனுங்க நர்சம்மா, எங்க சாமி ஒரு கெடாயோட விட்டுடும். உங்க சாமி இந்தப் பாடு படுத்துதே!"

அன்றைக்குத்தான் அம்மா ஆதாம் கதையைச் சொன்னாள். "ஆசைப்பட்டுப் பழத்தத் தின்னது ஒரு தப்பு. ஆசை எல்லாருக்கும் வரும் கண்ணு. ஆனா கேட்டப்ப, இவதான் குடுத்தான்னு பொண்டாட்டியக் கைகாட்டுனான் பாரு, அதுதான் தோட்டத்தையே மூடிருச்சு."

அதை யாரை நினைத்துச் சொன்னாள் என்பது கோகிலாவுக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அப்பா வேலை மாற்றலாகிக் கீழே போனவர், அங்கே ஒருத்தியோடு குடியிருந்தார். அடிவாரத்துச் சபை விசாரித்தபோது, "மலையில ஞானத்துக்கு வேற ஆள் இருக்கு, அதான் வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டார். சபை நம்பியது. அம்மாவுக்குச் சபையில் திருவிருந்து கொடுப்பது நின்றது. விசாரித்து முடிவு சொன்னவர் இதே போதகர்தான்; அப்போது இளைஞர்.

அம்மா போவதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் மூக்கருகே எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் அவளைத் தாண்டிப் போகும். அப்பா முன்வரிசையில் வாங்கிக்கொள்வார்.

"நீ ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?" என்று கோகிலா எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள்.

"அது அவரு சொல்ல வேண்டியது கண்ணு."

வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு அப்பால், குழி வெட்டியிருந்தார்கள். பெட்டி இறங்கியது. அப்பா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார்.

"ஞானம்," என்றார். குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் மன்னிச்சிரு."

"பாவம் மனுசன்," என்று பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அந்தப் பொய் முழுவதும் கோகிலாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தால் போதும். இந்த மலையே காறித் துப்பும். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அக்கா கதைய அக்கா சொல்லுவா. பெட்டிக்குள் கிடந்தவள் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. என்ன சட்டம் இது? பொய் சொன்னவனுக்கே காவல் நிற்கிற சட்டம்!

எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா. இன்னிக்கு என்ன சொல்லணும்?"

அவர் முகம் வெளுத்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் அவரும் சில வருஷம் தட்டோடு உட்கார்ந்தவர்தான்.

"எல்லாரும் இருக்காங்க கண்ணு."

"அன்னிக்கும் எல்லாரும் இருந்தாங்க."

"இது நேரமில்லம்மா," என்றார் போதகர். "மழை வருது."

"வரட்டுங்க ஐயா. கடைசி பெஞ்சுல இத்தன வருசம் காத்திருந்தவங்க, இன்னுங் கொஞ்ச நேரம் காத்திருப்பாங்க."

இளங்கோ அவள் தோளைத் தொட்டான். பாப்பாயி அவன் கையை விலக்கினாள். "புள்ள கேக்கறது நாயந்தானுங்க. சொல்லிப்போட்டு மண்ணப் போடுங்க."

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"ஞானம் யாரோடயும் போவல," என்றார் அப்பா. குழியைப் பார்த்துத்தான் சொன்னார். "நாந்தான் போனேன். போயிட்டு, பழிய அவ மேல போட்டேன். ஐயாகிட்டச் சொன்னது பொய்யி."

கோகிலா போதகரிடம் திரும்பினாள். "நீங்க எங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

போதகர் வேதப்புத்தகத்தை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு, பழக்கப்பட்ட குரலில், "கர்த்தர் மன்னித்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லக் கூடாதுங்க ஐயா."

"பின்ன யாரும்மா சொல்றது?"

மரத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. அப்பாவின் விரல்கள் தாமாக விரிந்தன. வியர்வையில் ஊறிய மண் பாதிதான் விழுந்தது. மீதி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

சாவு வீட்டுக்குப் பாப்பாயிதான் சாமைச் சோறும் ரசமும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். போதகர் சாப்பிடவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பா கடைசியில் உட்கார்ந்தார்.

கோகிலா குண்டானைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போட்டாள். "இன்னுங் கொஞ்சம் வெய்யிக்கா," என்றான் இளங்கோ. காலையிலிருந்து அவன் எதுவும் தின்னவில்லை. பாப்பாயிக்கு வேண்டாம் வேண்டாம் என்கிற வரை வைத்தாள்.

அப்பா தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தினார். நகக்கண்களில் மண் இருந்தது. அவள் ஒரு கரண்டி சோற்றை அள்ளினாள். கரண்டி தட்டுக்கு மேலே வந்து நின்றது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோகிலா சோற்றைக் குண்டானிலேயே திரும்பப் போட்டாள். குண்டானை அவர் முன்னால் இறக்கி, கரண்டியின் கைப்பிடியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ரசம் எடுத்துவர உள்ளே போனாள்.