பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு ஸ்பீக்கர்

அவளுடைய தம்பியை அவள் கணவர் "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. முதல் ஆறு வாரம் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது வாரம்தான் தையல் அறையில் மானம் கப்பலேறியது.

தம்பி வேனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஆசைப்பட்டு ஒரு கேம் கன்சோல் வாங்கினான். அவன் மனைவி அதை வாசலிலேயே மறித்து, "இது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள். அவனும் கொஞ்ச நேரம் நின்று யோசித்துத்தான் பார்த்தான். கடைசியில் கன்சோலைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் தவறாமல் ஆஜர்.

ஆட்டம் இதுதான். இருட்டான, பாழடைந்த ஓர் ஆலைக்குள் போக வேண்டும். தடியோடு ஒரு காவலாளி திரிவான். ஆள் கண்ணில் படமாட்டான், காலடிச் சத்தம் மட்டும் வரும். சத்தம் வருகிற பக்கம் திரும்பி டார்ச் அடித்தால் ஓடிப்போவான். திரும்பாவிட்டால் பிடரியில் ஒரே போடு. ஒருவர் மாற்றி ஒருவர் ஆடி, யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. தோற்றவர் அடுத்த ஞாயிறு வரை ஜெயித்தவரை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். இந்த விதியைப் போட்டவன் தம்பி. அவள் கணவரைவிடப் பதினோரு வயது சின்னவன்.

அவள் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் தையல் அறையில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் பச்சை அங்கி எல்லாம் அங்கேதான் தைக்கப்படும். வேலை முடிகிற நேரத்தில் கணவர் ஸ்கூட்டரில் வந்து கேட் முன்னால் நிற்பார். அன்றைக்கு நின்றபடியே போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் போன் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்தான் அலறும்.

"சரிங்கண்ணே. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்ணே."

அவளோடு வெளியே வந்த பக்கத்து மெஷின்காரி அப்படியே நின்றுவிட்டாள். "ஏன்டி, அந்தப் பக்கம் பேசறது உன் தம்பி இல்ல?"

"அவன்தான். சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடறாரு."

"விளையாட்டோ என்னவோ. உன் தம்பி இவருக்கு அண்ணன்னா, தம்பியோட அக்கா நீ இவருக்கு யாரு?"

அவள் விரலை மடக்கி உறவுமுறையைக் கணக்குப் போட்டாள்.

"பெரியக்கா!" என்று பக்கத்து மெஷின்காரியே சொல்லிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை பன்னிரண்டு மெஷினுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வெட்டுமேசையில் இருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "அக்கா, உங்க கடைக்குட்டித் தம்பி வந்து கேட்டுல நிக்கிறாரு. பாவம், பசிக்கும் போல."

அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இதோட நிறுத்திக்கங்க" என்றாள்.

"எதை?"

"அண்ணேங்கறதை."

"பந்தயம்னா பந்தயம். ஜெயிச்சுட்டு நிறுத்தறேன்."

"அப்ப ஜெயிச்சுத் தொலைங்க!"

ஆனால் அவர் ஜெயிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏழு வாரமும் பார்த்திருக்கிறாள். காவலாளி வலது பக்கமாக வந்தால் மனுஷன் சட்டென்று திரும்பிவிடுவார். இடது பக்கமாக வந்தால் அரசாங்கக் கட்டடம் மாதிரி அசையாமல் நிற்பார். தகட்டை அழுத்தி மூடி செய்கிற பிரஸ்ஸில் இருபது வருஷம், மெஷினுக்கு இடது காதைக் கொடுத்து நின்றவர் அவர். அந்தக் காது எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டது. அவர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போதாததற்கு டிவியின் ஸ்பீக்கர், சுவரைப் பார்த்தபடி கொசு மாதிரி முனகியது. நல்ல ஸ்பீக்கராக ஒரு ஜோடி வாங்கி மாட்டினால் ஏதாவது நடக்கும் என்று அவள் நினைத்தாள்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்தாள். தன் தையல் மெஷின் ஓடும் சத்தத்தைப் போனில் இரண்டு முறை பதிவுசெய்தாள். ஒன்று புது ஊசி போட்டு. மற்றது மழுங்கின ஊசி போட்டு. ஊசி மழுங்கினால் துணியில் இறங்கும்போது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது கேட்காதவள் சாயங்காலத்துக்குள் பத்து விரிப்பைக் கிழித்திருப்பாள்.

கடைக்காரப் பையன் இடுப்புயர ஸ்பீக்கர் ஒன்றின் முன் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினான். "இதை எடுத்துக்கங்க மேடம். போட்டா ஜன்னல் கண்ணாடி ஆடும்."

"எங்க வீட்டு ஜன்னல் போடாமலே ஆடுது. இந்தா, இந்தச் சத்தத்தைப் போடு."

போட்டான். பெட்டி "தொம் தொம்" என்று நெஞ்சில் குத்தியது. இரண்டாவதைப் போட்டான். அதுவும் அதே தொம் தொம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். ரெண்டும் சூப்பர் பாட்டு."

"பாட்டு இல்லப்பா. மெஷின். இந்தப் பெட்டி பொய் சொல்லுது. அடுத்ததைக் காட்டு."

ஆறு ஜோடி பார்த்தாள். நீல விளக்கு எரிவது, சிவப்பு விளக்கு எரிவது, பாட்டுக்கேற்ப விளக்கு ஆடுவது, எல்லாமே பொய் சொல்லின. கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில், டிபன் பாக்ஸ் உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது.

"அது கம்ப்யூட்டருக்கு வைக்கறது மேடம். நீங்க கேம்னு சொன்னீங்க."

"ஏன், கேம் வேணாம்னுடுமா? போடு."

போட்டான். புது ஊசி வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவதைப் போட்டதும் பையனே தலையைச் சாய்த்தான். "மேடம், இதுல நடுவுல டக்குன்னு ஏதோ இடிக்குது."

"தேறிட்ட. தையல் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, வர்றியா? இதையே கட்டிக் குடு."

வீட்டில் டப்பாவைப் பிரித்தார்கள். ஸ்பீக்கரில் இருந்து இரண்டு வயர் வந்தது. ஒன்றின் முனையில் யுஎஸ்பி. மற்றதின் முனையில், ஹெட்போன் வயரில் இருப்பது போல, பச்சைக் கழுத்தோடு ஓர் ஊசி. கணவர் யுஎஸ்பியைக் கன்சோலில் செருகினார். ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது.

"வந்திருச்சு!" என்று கைதட்டினார்.

"விளக்கு வந்திருக்கு. சத்தம் எங்க?"

"வரும். புதுசு இல்ல, கூச்சப்படும்."

பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார்கள். கூச்சம் தெளியவில்லை. அவள் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள். யுஎஸ்பி வழியாகக் கரன்ட் மட்டும்தான். சத்தம் பச்சை ஊசி வழியாகத்தான் போக வேண்டும். கன்சோலைத் திருப்பினால் நீளம், சதுரம், பட்டை என்று விதவிதமாக ஓட்டைகள் இருந்தன. உருண்டை ஓட்டை மட்டும் இல்லை.

"கன்சோல்ல இருந்து படம் டிவிக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"இந்தத் தடி வயர்ல."

"படம் அதுல போகுதுன்னா சத்தமும் அதுலதான போகும். டிவில இருந்து வெளிய எடுத்தா ஆச்சு."

டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தது. பின்னால் இரண்டு விரல்தான் நுழையும். அவர் விரல் நுழையவில்லை, கோபம்தான் வந்தது. அவள் தையல் மெஷினுக்கடியில் நூல் பாபின் மாட்டிப் பழகிய விரல்களை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஹெட்போனுக்கான ஓட்டை தட்டுப்பட்டது. பச்சை ஊசியை அதில் அழுத்தினாள். அறைக்குள் ஆலையின் காற்று வீசியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவளுக்கே முதுகு சிலிர்த்தது.

டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கரை வைத்தார்கள். அவர் ஆடினார். இரண்டாவது நிமிஷம் இடது பக்கமிருந்து காவலாளி வந்தான். பிடரியில் போட்டான்.

"இடது பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்யல. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அவள் இடது ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். சத்தம் கணீரென்று வந்தது.

"வேலை செய்யாதது ஸ்பீக்கர் இல்லைங்க."

அவர் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"எட்டு வருஷமா தெரியும். உங்க மேல கோவம் வந்தா இடது பக்கமா வந்து நின்னுதான் திட்டுவேன். ஒரு தடவையாவது பதில் பேசியிருக்கீங்களா?"

"என்னன்னு திட்டுவ?"

"அதெல்லாம் இப்பச் சொல்ல முடியாது. நிறைய சேந்துபோச்சு."

அவர் சிரித்துவிட்டார். எட்டு வருஷமாக அவர் மூடி மறைத்தது அந்தச் சிரிப்போடு போயிற்று. அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். தையல் மெஷினில் மேல் நூல் ஒரு பக்கம் வரும், கீழ் நூல் ஒரு பக்கம் வரும், தைப்பது ஒரே இடத்தில். அவருக்கு இருப்பதும் ஒரே காதுதான். அப்புறம் எதற்கு இரண்டு பக்கம்?

இரண்டு ஸ்பீக்கரையும் அவருக்கு வலது பக்கம் கொண்டுவந்தாள். இடது ஸ்பீக்கரை அலமாரியின் மேல் ஏற்றினாள். வலது ஸ்பீக்கரைக் கீழே ஸ்டூலில் வைத்தாள். அப்படியும் அவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்டது. உள்ளே போய் ஒரு காலி பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து, கீழ் ஸ்பீக்கரைத் தூக்கி அதற்குள் போட்டாள்.

"அடிப்பாவி, ஆறு ஜோடி பாத்துப் பாத்து வாங்கினது!"

"சத்தம் சுத்தமா வந்தா மேல் நூல், இடது பக்கம் திரும்புங்க. டப்பாச் சத்தமா வந்தா கீழ் நூல், வலது பக்கம். புரிஞ்சுதா?"

வாரம் முழுக்கப் பயிற்சி நடந்தது. அடுப்படியில் நின்றபடி, "மேல் நூல்! கீழ் நூல்! மேல்னு சொன்னேன்ல, மரமண்டை!" என்று அவள் கத்துவாள். வலது பக்கமாக நின்றுதான் கத்தினாள்.

ஞாயிறு மத்தியானம் தம்பி வந்தான். டப்பாவைப் பார்த்து, "என்னக்கா, ஸ்பீக்கருக்கு பிஸ்கட் ஊட்டறியா?" என்றான்.

"ஆடுடா, பேசாத."

ஆடினான். காலடி டப்பாவுக்குள் நடந்தது. அவன் திரையை விட்டுவிட்டு ஸ்டூலைப் பார்த்தான். பிறகு அலமாரியின் மேல் நடந்தது. அவன் தலையைத் தூக்கினான். மூன்றாவது நிமிஷம் பிடரியில் விழுந்தது.

"இது கள்ளாட்டம்! ரெண்டும் ஒரே பக்கமா வருது!"

"ஏழு வாரம் அவரு ஒரே பக்கத்துலதான்டா கேட்டாரு. ஒரு வார்த்தை சொன்னாரா?"

தம்பி அத்தானின் இடது காதைப் பார்த்தான். கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினான்.

கணவர் ஆடினார். மேல் நூல், இடது பக்கம். கீழ் நூல், வலது பக்கம். காவலாளி ஓடி ஓடிக் களைத்தே போயிருப்பான். ஏழாவது நிமிஷத்தில்தான் விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சொல்லு, சொல்லு!" என்றார்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டீங்க... அண்ணே" என்றான்.

அவர் முகம் மலர்ந்தது. அவளுக்கும் முதலில் மலர்ந்துதான் போயிற்று. பிறகுதான் உறைத்தது. தம்பிக்கு இவர் அண்ணன் என்றால் தனக்கு யார்? கடைக்குட்டியாக இருந்தவர் மூத்தவராகப் பதவி உயர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். உறவு அதே உறவு. தையல் அறை நாளைக்குப் புதுசாகச் சிரிக்கப் போகிறது. இதற்கா விரலை ஒடித்துக்கொண்டு வயர் மாட்டினாள்?

"நகருங்க" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினாள்.

"அக்கா, உனக்கு ஆடவே தெரியாதே."

"வாரம் பூரா அடுப்படில நின்னு கேட்டவ நான்தான்டா."

அவள் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. காவலாளியின் செருப்பில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் "டக்". மழுங்கின ஊசியேதான். அவன் இரண்டு அறை தள்ளி வரும்போதே அவள் திரும்பி நின்று டார்ச்சோடு காத்திருந்தாள். பதினான்காவது நிமிஷம் கை வலித்து அவளாகத்தான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

இரண்டு ஆம்பிளைகளும் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் அண்ணேங்கக் கூடாது. நீ இவரை அத்தான்னு கூப்பிடு. இவரு உன்னை மாப்ளேன்னு கூப்பிடட்டும். முன்ன மாதிரி."

"சரிக்கா" என்றான் தம்பி.

கணவர் தயங்கினார். "நீதான ஜெயிச்ச. உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதினெட்டு வருஷமா 'இந்தா', 'உன்னைத்தான்', 'இங்க பாரு'ன்னுதான கூப்பிடறீங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேரைச் சொன்னார். மூன்றெழுத்துப் பேர்தான். பழக்கமில்லாததால் நடுவில் ஓர் எழுத்தை முழுங்கிவிட்டார்.

"சரியாக் கேக்கல" என்றாள் அவள். "டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க."