சோற்றுத் தாம்பாளம்

மூன்று நாள் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழை வாங்கி வந்ததிலிருந்து மதன்குமார் சாப்பிடும்போதுகூட மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. வடமதுரை ரோட்டில் இருக்கும் அந்த நூல் மில்லுக்கு அவன்தான் பாதுகாப்பு அதிகாரி. இவன் மண்டைக்குள் காப்பாற்ற அப்படி என்னதான் இருக்கிறது என்று விடுதி வார்டன் ஜோஸ்பினுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வாரம் நூல் வாங்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருகிறார்கள். விடுதியில் இருக்கும் நாற்பத்திரண்டு நேபாளப் பெண்களுக்கும் ஆபத்துக்காலப் பயிற்சி கொடுத்தாயிற்றா என்று கேட்பார்களாம். அதற்குத்தான் திடீரென்று இத்தனை கரிசனம். இரண்டு வருடத்தில் அவர்களில் ஒருத்தியின் பேராவது ஆபீசில் எவனுக்காவது தெரியுமா?

மதன்குமார் பாதி இங்கிலீஷ், பாதி சினிமா இந்தி என்று ஒரு மணி நேரம் முழங்கினான். சைரன் அடித்தால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பெண்கள் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் விடமாட்டான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. போட்டோ எடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

ஆனால் அந்த மில்லில் ஷிஃப்ட் மாறவும் சைரன்தான். ஆர்டர் நெருக்கினால் நேரங்கெட்ட நேரத்திலும் அடிப்பார்கள். அப்படி அடித்தால் ஓவர்டைம். கடைசியாக வருகிறவளை மேஸ்திரி எல்லார் முன்னாலும் நிற்கவைத்து ஏசுவான். சைரன் கேட்டதும் மில் தொப்பியை மாட்டிக்கொண்டு பறக்க அவர்களைப் பழக்கியது வேறு யாருமில்லை, ஜோஸ்பின்தான். கம்பைத் தரையில் தட்டித் தட்டி விரட்டுவாள்.

"சார், சைரன் கேட்டா இதுக மில்லுக்குள்ளதான் ஓடும். தீக்கு வேற மணி வைங்க."

"நீங்க சாம்பாரப் பாருங்கக்கா" என்றான் மதன்குமார். அவளும் சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கழிவுப் பஞ்சு குடோனில் தீப்பிடித்தது. விடுதியிலிருந்து மில்லுக்குப் போகும் பாதை அந்தக் குடோனை ஒட்டித்தான். நேபாளப் பெண்களுக்கு அந்த வாரம் இரண்டு மணி ஷிஃப்ட் என்பதால் எல்லாரும் அறையில் இருந்தார்கள். சைரன் அலறியது. நாற்பத்திரண்டு பேரும் தொப்பி மாட்டிக்கொண்டு நேரே குடோன் பக்கம் ஓடினார்கள். முன்னால் தில்மாயா. ஒருமுறை கடைசியாகப் போய் ஏச்சு வாங்கியதிலிருந்து அவள்தான் எப்போதும் முதல் ஆள். புகையைப் பார்க்காமல் இல்லை. புகையைவிட மேஸ்திரிக்குப் பயந்தார்கள்.

"போகாதீங்க" என்று ஜோஸ்பின் கத்தினாள். அந்த இரைச்சலில் குரல் மட்டும்தான் எட்டியது, வார்த்தை எட்டவில்லை. சைரனுக்குப் பின்னால் அவள் கத்துவது எப்போதும் விரட்டத்தான். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

மதன்குமார் மெயின் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டோடு நின்று போன் பேசிக்கொண்டிருந்தான்.

ஜோஸ்பின் அடுப்படிக்கு ஓடினாள். தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தட்டும் தாம்பாளத்தை எடுத்து வந்து, முற்றத்தில் நின்று கரண்டியால் அடித்தாள். பின்னால் ஓடியவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். குடோன் மூலையில் தில்மாயா மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். ஜோஸ்பின் கை வலிக்க அடித்தாள். தில்மாயா திரும்பி நாலு எட்டு வைத்ததும் அவள் நின்ற இடத்தில் கூரைத் தகரம் தீயோடு சரிந்து விழுந்தது.

நாற்பத்திரண்டு பேரும் மூச்சிரைக்கத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். உலையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து ஒரு மணிக்குள் தீயை அணைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு அதிகாரிக்கு உள்ளே வரத் தைரியம் வந்தது. உட்கார்ந்திருந்தவர்களைப் போட்டோ எடுத்தான். பயிற்சியின்படி அனைவரும் பத்திரமாக வெளியேறினர் என்று எழுதி, ஜோஸ்பினிடம் கையெழுத்துக்கு நீட்டினான்.

"சோத்துக்கு வந்தாளுக சார். உங்க பயிற்சிக்கு இல்ல."

இந்த வெட்கங்கெட்டவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது. கம்பைத் தட்டி விரட்டிய கை மட்டும் யாருடையதாம்? அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் சைரன் அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் ஜோஸ்பின் முகத்தையே பார்த்தார்கள். தில்மாயா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மில்லில் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள்.

"அக்கா, இது வேலையா, தீயா?"

வேலைதான், ஓடுங்க என்று சொல்ல ஜோஸ்பினுக்கு நாக்கு கூசியது.