மூன்றாம் சரணத்து விக்கல்

சிரில் மாஸ்டருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சிரில். ஊர் வைத்த பெயர் விக்கல் மாஸ்டர். முன்னதை ஒரு சாமியார் ஒரே ஒரு நாள் தண்ணீர் ஊற்றிச் சொன்னதோடு சரி. பின்னதை லிங்கராஜபுரத்திலிருந்து அல்சூர் வரைக்கும் இருபது வருஷமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் எது நிலைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு கிராமபோன் தட்டு செய்த வேலை. பத்தொன்பது வயதில் அவர் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டினார். வேலை தேடி ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்த ஒருத்தன் தனியாகச் சோற்றுக்கு முன்னால் உட்காருகிறான், விக்கல் எடுக்கிறது. விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம்மவர்கள் சாஸ்திரம் அல்லவா? ‘யாரு நெனைச்சாங்களோ’ என்று அவன் பாட ஆரம்பிக்கிறான். முதல் சரணத்தில் மாமியார் நினைத்தாளோ என்று கேட்டு ஒரு விக்கல். இரண்டாம் சரணத்தில் மேஸ்திரி நினைத்தானோ என்று கேட்டு இன்னொன்று. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறான், விக்கல் நின்றுவிடுகிறது. மூன்றாம் சரணம் பெற்ற தாயைப் பற்றியது. அதை விக்காமல் பாடி, கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நாடகத்தில் அப்படித்தான் பாடினார்.

தட்டில் அப்படி இல்லை. அடுத்த வருஷம், 1918 அக்டோபரில், தட்டு எடுக்கிறவர்கள் கன்டோன்மென்டுக்கு வந்து ஒரு ஓட்டல் அறையில் குரல் பிடிக்கிற கூம்பைப் பொருத்தி அவரைப் பாட வைத்தார்கள். ‘பெத்தவ நெனைச்சாளோ’ என்ற இடத்தில் தாளம் தப்பி இரண்டு விக்கல் விழுந்துவிட்டது. கருவிக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் கைதட்டிச் சிரித்தான். இருக்கட்டும் என்று சைகை காட்டினான். தண்ணீர் குடித்த பிறகும் விக்குகிறானே என்று ஊரும் சிரித்தது. மில் ஆட்கள் சிரித்தார்கள், பட்டாளத்துக்காரர்கள் சிரித்தார்கள், டீக்கடை டீக்கடையாகத் தட்டு தேயத் தேயச் சுழன்றது. தேர்ந்த பாடகர்கள்கூட அந்த இரண்டு விக்கலை மட்டும் பிடிக்க முடியாமல் தோற்றுப்போனார்கள்.

அந்தப் பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆனார், கல்யாணம் செய்தார், தலை நரைத்தது, விக்கல் நரைக்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சில் ஒரு விக்கல். இன்ஸ்பெக்டர் வந்து நின்ற அன்றைக்கும் ஒன்று. ஒருமுறை பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டுத் தன் பாவங்களை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த சாமியார், “அந்தத் தட்டுல பாடினது நீங்கதானா?” என்று கேட்டார். அப்புறம் எங்கே பாவமன்னிப்பு!

“விடுங்களேன். நாலு பேர் சிரிச்சா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?” என்பாள் அவர் மனைவி மௌரீன்.

என்ன குறைந்தது என்று அவர் மௌரீனிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய வருஷத்தில் வெட்கமாக இருந்தது, பிறகு காலம் கடந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நிற்பவனைப் பார்த்திருப்பீர்கள். இவர் சாவியோடு உள்ளேயே மாட்டிக்கொண்டவர்.

1938 ஆகஸ்ட் கடைசியில் பங்குக்கோயிலுக்கு வெள்ளி விழா வர இருந்தது. பிஷப் வருகிறார், மூன்று நாள் ஒலிபெருக்கி, பெரிய மேடை. நம் காலத்து மனிதர்களை எடுத்துச்சொல்லும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த மேடையில் பாட வேண்டும் என்று வாலிபர் சங்கச் செயலாளர் அலெக்சாண்டருக்கு ஒரு யோசனை. அலெக்சாண்டருக்கு யோசனை வந்தால் கூட்டம் போடாமல் தூங்கமாட்டார். ஜூன் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விவாதம் நடந்தது. சுதந்திரப் பாட்டு ஒன்று, பிஷப் முன்னால் பாடினால் வம்பு என்று முதல் வாரமே விழுந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு: டாக்கிப் படத்தில் வந்த ஒரு காதல் பாட்டு, விக்கல் பாட்டு. விக்கல் பாட்டுத்தான் நம் காலத்துப் பாட்டா, இல்லையா என்று நாலாவது ஞாயிறு முடிவுகட்டுவது. ஆம் என்றால் பிஷப் முன்னால், ஒலிபெருக்கியில், ஜனங்கள் ஆயிரம் பேர் விக்க, சிரில் மாஸ்டர் பாட வேண்டும்.



அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். யார் எந்தக் கட்சி பேசுவது என்பதை ஆளே தீர்மானிக்கக்கூடாது; மனஸ்தாபம் வரும். காணிக்கைப் பைக்குள் சீட்டு எழுதிப் போட்டு எடுப்பார்கள். தந்தி ஆபீஸ் பையன் டென்சில் முதலில் கையை விட்டான். ‘ஆம்’ வந்தது. பாடினவர் இல்லாமல் விவாதமா என்று பிடித்து இழுத்து வந்திருந்த சிரில் மாஸ்டர் மிச்சச் சீட்டை எடுத்தார். பிரித்தால், ‘இல்லை.’

கூடம் கொல்லென்று சிரித்தது. தன் பாட்டைத் தானே குத்திக் கிழிக்க வேண்டும்! மாஸ்டருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இருபது வருஷம் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததைக் கீழே தள்ளிக் கொல்லச் சொல்லி ஆண்டவரே சீட்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். வாரம் முழுக்க எழுதினார். ஏழு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து, குடைகளை உதறிக்கொண்டு ஜனங்கள் பள்ளிக்கூடக் கூடத்தில் நிறைந்தார்கள். பங்குக்குச் சம்பந்தமில்லாத ஆள் நடுவராக இருந்தால் நல்லது என்று மல்லேஸ்வரத்திலிருந்து கஸ்தூரிரங்கன் என்ற பெரியவரை ஜட்காவில் அழைத்து வந்திருந்தார்கள். சமஸ்தானத்து ரெவின்யூ ஆபீசில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சரிகைத் தலைப்பாகையும் நாமமுமாக சிலுவைப் படத்துக்குக் கீழே கம்பீரமாக உட்கார்ந்தார்.

டென்சில் அழகாகப் பேசினான். கெட்டிக்காரன்.

“நான் பேசக் கத்துக்கறதுக்கு முன்னாடியே விக்கக் கத்துக்கிட்டவன் ஸார்! எங்கப்பா இதைப் பாடித்தான் ஷேவ் பண்ணுவாரு. எங்கம்மா இதைப் பாடித்தான் தம்பியத் தூங்க வெச்சாங்க. டாக்கிப் பாட்டு அடுத்த டாக்கி வர்ற வரைக்கும். இது அப்படியா? எல்லாரும் ஊரு விட்டு வந்தவங்கதானே? எங்க, எல்லாரும் ஒரு வாட்டி, மூணாவது சரணம்!”

கூடம் முழுக்கப் பாடியது. அந்த இடம் வந்ததும் முந்நூறு பேர் இரண்டு முறை விக்கினார்கள். நடுவர் தலைப்பாகையும் ஆடியது.

சிரில் மாஸ்டர் எழுந்தார். பாட்டில் இலக்கணம் இல்லை என்றார். ஒரு விக்கல். பக்தியும் நாட்டுப்பற்றும் இல்லை என்றார். இரண்டு விக்கல். இதைவிட நல்ல பாட்டுகள் உண்டு என்று பட்டியல் வாசித்தார். அவர் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தர் விக்க, சிரிப்பு அலை அலையாகக் கிளம்பியது. இரண்டாம் பக்கத்தில் இருந்தார். இன்னும் ஐந்து பக்கம் இருந்தது. முன்வரிசையில் மௌரீன்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ அறுந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஏழு பக்கத்தையும் மடித்து ஜேபிக்குள் திணித்தார்.

“சிரிங்க” என்றார். “இருவது வருசமா சிரிக்கிறீங்க. நல்லா சிரிச்சு முடிங்க. நான் ஒண்ணு சொல்லிட்டு எறங்கிடறேன்.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

“பதினெட்டாம் வருசம் அக்டோபர் மாசம் இன்ஃபுளுயென்சா வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பெட்டி செய்யப் பலகை கெடைக்கல. மணி அடிச்சா சனங்க பயப்படறாங்கன்னு கோயில்ல சாவு மணிய நிறுத்திட்டாங்க. அந்த மாசம் ஒரு செவ்வாக்கெழமை எங்கம்மா போயிட்டாங்க. மூணு நாள் சுரம், அவ்வளவுதான். பூசை இல்ல, பாட்டு இல்ல. பாயில சுத்தி நானும் எங்க சித்தப்பாவும் தூக்கினு போயி பொதைச்சோம். பக்கத்துலயே வேற ஆளுங்க வேற குழி வெட்டினு இருந்தாங்க. யாரும் யார் மூஞ்சியும் பாக்கல. நான் அழல. அழுவ வரல.”

மௌரீன் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“மறுநாள் புதன்கெழமை தட்டு எடுக்கிறவங்க வரச் சொல்லியிருந்தாங்க. நான் போனேன். அம்மாவப் பொதைச்ச கையோட, பபூன் பாட்டுப் பாடப் போனேன். ஏன் போனேன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. வீட்ல இருக்க முடியல. ரெண்டு சரணம் நல்லாத்தான் பாடினேன். மூணாவதுல ‘பெத்தவ நெனைச்சாளோ’ன்னு வாயத் தொறந்தேன். இனிமே நெனைக்கறதுக்கு ஆள் இல்லேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அது விக்கல் இல்லீங்க. நீங்க இருவது வருசமா செஞ்சு காட்டறீங்களே, அது விக்கலே இல்ல. எங்கம்மாவுக்கு நான் அழுத அழுவை. அது ரெண்டே ரெண்டுதான். அதுக்கப்புறம் அழுததே இல்ல. இதுவா உங்க காலத்துப் பாட்டு? வெக்கமா இல்ல? இதையா பிஷப் முன்னாடி போடப்போறீங்க?”

உட்கார்ந்தார். நெஞ்சில் பாரம் இல்லை. செத்தது, என்று நினைத்தார். இனி இந்த ஊரில் ஒரு ஆள் அந்தப் பாட்டை வாயில் வைக்கமாட்டான். கொன்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவருக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

மௌரீன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்கிட்டகூடச் சொல்லலியே” என்றாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. டென்சில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடத்தில் அங்கங்கே மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வயதானவர்கள்தான் முதலில் அழுதார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் அந்த அக்டோபர் எல்லார் வீட்டிலும் நுழைந்து போயிருந்ததே!

கஸ்தூரிரங்கன் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“என் தலைச்சன் பொண்ணும் அந்த ஐப்பசியிலேதான் போனா” என்றார். “ஆறு வயசு. அவ போனப்புறம் எங்காத்துல யாரும் அழலே, சிரிக்கலே. ஊமை வீடு. பக்கத்தாத்துல ஒருநாள் இந்தத் தட்டை வெச்சா. என் ஆத்துக்காரி கோமளம் சிரிச்சா. எனக்கே ஆச்சரியம். மூணாவது சரணத்துல சிரிச்சிண்டே இருந்தவ ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அன்னிக்குத்தான் அழுதா. ஏன்னு அவளுக்கும் தெரியலே, நேக்கும் தெரியலே. இப்பத் தெரியறது.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“சிரில் மாஸ்டர் இது நம்ம காலத்துப் பாட்டு இல்லேன்னு வாதாட வந்தார். டென்சில் சொன்ன காரணத்துக்காக நான் இதுக்குத் தீர்ப்புக் கொடுத்திருக்க மாட்டேன். ஷேவ் பண்றச்சே பாடறது ஒரு காரணமா? ஆனா மாஸ்டர் சொன்னாரே, அதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? நாமெல்லாம் அப்படித்தானே இருந்தோம். பொதைச்ச கையோட வேலைக்குப் போனோம். அழத் தெரியாம சிரிச்சோம். இதுதான் ஓய் நம்ம பாட்டு. இதுக்கே ஜெயம்.”

கைதட்டல் இல்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருத்தர் மெதுவாக ஆரம்பிக்க, முந்நூறு பேரும் தணிந்த குரலில், பூசைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்து, ‘யாரு நெனைச்சாங்களோ’ என்று பாடினார்கள். மூன்றாம் சரணத்தில் அந்த இடம் வந்தபோது எல்லாரும் நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்கள். அவருக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

கதவு பின்னால் இருந்தது. நடுவில் முந்நூறு பேர். கண்ணீரோடு நிற்கிற முந்நூறு பேரைத் தள்ளிக்கொண்டு எப்படிப் போவது? சிரிக்கிறவனைத் திட்டலாம், அழுகிறவனை என்ன செய்வது? மாஸ்டர் வாயைத் திறந்தார். இரண்டு முறை விக்கினார். அது வெறும் நடிப்புத்தான்; ஆனால் தட்டில் இருந்த மாதிரியே இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் நுழைந்தார். பின்பெஞ்சில் சத்தம் இல்லை. பையன்கள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அவர் கேட்டுக் கேட்டு ஏங்கிய அமைதி அது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு அலெக்சாண்டர் வாசலில் வந்து நின்றார். கூடவே ஒரு ஆள், கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான்.

“மாஸ்டர், நீலசந்திராவுல இவங்கப்பா காலையில தவறிட்டாரு” என்றார் அலெக்சாண்டர். “ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன், லீவு குடுத்துட்டாரு.”

அந்த ஆள் மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“நீங்க நேத்து சொன்னதக் கேட்டுட்டு வந்து ராத்திரியெல்லாம் அதையேதான் பேசினு இருந்தாரு மாஸ்டர். குழியில எறக்கும்போது நீங்க வந்து பாடணும். முழுசாகூட வேணாம். மூணாவது சரணம் மட்டும். அந்த ரெண்டு எடத்த மட்டும் விட்டுடாதீங்க.”

மாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அலெக்சாண்டரும் அந்த ஆளும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து வந்தார்கள். கோயில் வாசலைத் தாண்டும்போது, பூசை முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த கிழவர்களும் கிழவிகளும் அவரைப் பார்த்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெள்ளி விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இந்தப் பங்கில் வயதானவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று, அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும், அவர் மனசு ஒவ்வொருத்தராக எண்ணத் தொடங்கியது.