சோதனைக்கு ஒரு பத்தியம்

சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகிற வாரம் மட்டும் இனிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, "பாத்தீங்களா டாக்டர், நார்மல்" என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆட்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒருத்தராவது யோசிப்பதுண்டா? அரும்பாவூர் அம்சவள்ளியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். என்ன, அவள் ஏமாற்றப் பார்த்தது சர்க்கரையை இல்லை.

அம்சவள்ளிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வெற்றிச்செல்வியைப் பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்பும், வலிக்கும், பின்கட்டுக்கு ஓடவேண்டும். இரத்தம் குறைந்து முகம் வெளுத்துப்போனது. தங்கிய கருவும் கலைந்தது. புகுந்த வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பெற்றவளாவது அணைத்துக்கொண்டாளா? அதுவும் இல்லை. "வயித்துவலி ஒனக்கு மட்டுமா வருது? பெருசா படுத்துக்கிற" என்று தன் பங்குக்கு அவளும் ஏசினாள்.

கடைசியில் திருச்சியில் இரத்தம் எடுத்து, வாய்வழியே குழாய் விட்டுக் குடலில் துளியூண்டு சதை எடுத்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். சீலியாக் நோய். கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் சிலருக்கு ஆகாதாம். அது உள்ளே போகப் போக, உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பித் தன் குடலையே புண்ணாக்கிக்கொள்ளுமாம். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் நின்றன. மாவு கலந்து வருகிறது என்று கடைப் பெருங்காயத்தைக்கூட நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் வெற்றிச்செல்வியின் கன்னத்தில் சதை பிடித்தது. அம்சவள்ளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அதோடு விட்டதா? பெரம்பலூருக்கு வாரம் ஒருமுறை வந்துபோகிற குடல் டாக்டர் பூங்குழலி இன்னொன்றும் சொன்னார். "இது குடும்பத்துல வரக்கூடியதும்மா. கூடப் பொறந்தவங்க, அப்பா, அம்மா எல்லாரும் ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாத்துருங்க. நெருங்கின சொந்தத்துல பத்துக்கு ஒருத்தருக்கு இருக்கலாம்."

அம்சவள்ளிக்கு உடனே மஞ்சுவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. மஞ்சு இளையவள். அரியலூர்ப் பையன் அறிவழகனோடு நிச்சயம் முடிந்திருந்தது. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன், தங்கமான பையன். தையில் கல்யாணம். இந்த நேரத்தில் இரத்தத்தில் ஏதாவது வந்து தொலைத்தால்? அந்த வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரை. அதனால் ராத்திரியானால் வீடு முழுக்கச் சப்பாத்திதான். சப்பாத்தியைத் தொடக்கூடாத மருமகளை எவர் எடுப்பார்கள்?

அம்சவள்ளி யோசித்தாள். உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் பத்தியம் என்பது அவள் அறிந்த வைத்தியம். மஞ்சள் காமாலைக்குப் பத்தியம், பிள்ளை பெற்றால் பத்தியம். இதற்கும் வைத்துவிட்டால் போயிற்று! அன்றைக்கே வீட்டிலிருந்த கோதுமை மாவை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மஞ்சுவுக்கு மூன்று வேளையும் சோறு, ரசம், கீரை, கேழ்வரகுக் களி. டீயோடு ஒரு பிஸ்கட் கிடையாது. "பரோட்டா வாசனையாவது புடிச்சுட்டு வரேம்மா" என்று மஞ்சு கெஞ்சினாள். "கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் கடையவே வாங்கித் தின்னு" என்றாள் அம்சவள்ளி. மூன்று மாதம் நாளைக் கடத்திவிட்டுத்தான் இரத்தம் கொடுக்க அழைத்துப் போனாள்.

முடிவு நன்றாக வந்தது. ஒன்றுமே இல்லை! டாக்டர் அறையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். மஞ்சுவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"எல்லாம் அம்மா பத்தியந்தான் டாக்டர். மூணு மாசமா கோதுமைய கண்ணுலயே காட்டல."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, பாவம், சிரிப்பும் வரவில்லை.

"அம்மா, இந்த டெஸ்ட் கோதுமையோட ஒடம்பு போடுற சண்டையத்தான் பாக்குது. கோதுமையே உள்ள போகலன்னா சண்டை ஏது? நோய் இருந்தாலும் இல்லன்னுதான் வரும். இந்த ரிசல்ட்ட நம்ப முடியாது."

அம்சவள்ளி நாற்காலி நுனிக்கு வந்தாள். "இப்ப என்னங்க பண்றது?"

"ஜீன் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுக்கு என்ன சாப்புட்டாலும், சாப்புடாட்டியும் ஒண்ணுதான். அந்த ஜீன் இல்லன்னா, இந்த நோய் வராதுன்னு ஏறக்கொறைய அடிச்சுச் சொல்லிடலாம். இருந்தா, நோய் இருக்குன்னு அர்த்தமில்ல. வரலாம், அவ்வளவுதான்."

எடுத்தார்கள். ஜீன் இருந்தது. அம்சவள்ளி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? வெத மூட்டை வூட்டுல இருந்தா வெள்ளாம வந்துட்டுன்னு அர்த்தமா? நூறு பேர எடுத்தா நெறைய பேருக்கு இந்த ஜீன் இருக்கும். முக்காவாசிப் பேருக்கு மேல ஒண்ணுமே வராது. மஞ்சு தெனமும் ரெண்டு மூணு சப்பாத்தி சாப்புடட்டும். ரெண்டு மாசம் போகட்டும். அப்பறம் மறுபடி இரத்தம் எடுப்போம். நடுவுல ரொம்ப முடியலன்னா ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி கதவைச் சாத்தினாள். "ஒண்ணும் வேணாம். மொதல்ல வந்த ரிசல்ட்டே போதும். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

செய்தி கேட்டு வெற்றிச்செல்வியும் வந்திருந்தாள். அவள் கேட்டாள், அவ்வளவு நிதானமாக. "அங்க போயி தெனமும் சப்பாத்தியத் தின்னு, என்னாட்டம் இவளும் கருவக் கலச்சுக்கிட்டுக் கெடக்கணுமாம்மா? அப்பவும் இவளுக்குத்தான் பேச்சு விழும்."

மறுநாள் காலையில் அம்சவள்ளி அரியலூருக்குப் பஸ் ஏறினாள். சம்பந்தி தேவயானியின் வீட்டில் தண்ணீரைக்கூடத் தொடாமல், மூத்தவள் நோய், பத்தியம், ஜீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

"ரிசல்ட் வரட்டும் சம்பந்தி, பாப்போம்" என்றாள் தேவயானி. அது சரியா, இல்லையா? அம்சவள்ளிக்குப் பஸ் முழுக்க அதே நினைப்பு.

சப்பாத்தி தொடங்கியது. தன் கையால் மாவு பிசைந்து, தன் கையால் சுட்டு, பெற்ற மகளுக்கு அதைப் போட்டாள் அம்சவள்ளி. மகளுக்கு ஆகாததாக இருந்தால், நாமே அல்லவா ஊட்டுகிறோம்! அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தனக்கும் தட்டை வைத்துக்கொண்டாள். "நீ தின்னா நானும் திங்கறேன். என்ன வந்தாலும் ரெண்டு பேருக்கும் வரட்டும்."

மஞ்சுவுக்கு ஒன்றும் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், போனில் அறிவழகனோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். அம்சவள்ளிதான் இளைத்தாள். வயிறு கல்லாக உப்பியது. சப்பாத்தி இறங்கியதும் பின்கட்டுக்கு ஓடினாள். கல்யாணக் கவலைதான் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிச்செல்வி வந்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாள். மஞ்சு இரத்தம் கொடுக்கப் போன அன்று அம்மாவையும் அப்பா பிச்சைமுத்துவையும் சேர்த்தே இழுத்துப்போனாள். "டாக்டர் அன்னைக்கே அப்பா அம்மாவும்னுதான சொன்னாங்க" என்றாள்.

முடிவு வந்த அன்று அறைக்குள் நுழைந்ததுமே அம்சவள்ளி கேட்டாள், "மஞ்சுவுக்கு?"

"இல்லம்மா. இந்தத் தடவ நம்பலாம். ஜீன் இருக்கறதால ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா பாத்துக்கட்டும். நல்லா இருக்கா."

அவ்வளவுதான். டாக்டர் அடுத்த வார்த்தை சொல்லும் முன்பே அம்சவள்ளி வெளியே ஓடி அரியலூருக்குப் போன் போட்டாள்.

"இல்லையாம் அண்ணி! சுத்தமா இல்லையாம்!"

அந்தப் பக்கம் தேவயானி பேசினாள். "நல்லது சம்பந்தி. அன்னைக்கு ஒங்கள வெறுங்கையோட அனுப்பிட்டனேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இருந்துருந்தாலும் அவதான் எங்க வூட்டுக்கு மருமவ. இவருக்குச் சோள தோசை சுட்டுப் பழகிட்டேன். அதுவும் சக்கரைக்கு ஆவுதாம்."

அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். இரண்டு பெண்களும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். "ஒங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் ரொம்ப அதிகமா வந்துருக்கு. குழாய் விட்டுப் பாத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா அதுதான்னு நெனைக்கிறேன்."

அம்சவள்ளிக்குப் பயமே வரவில்லை. "எனக்குத்தானா? அப்பாடா! எனக்கு என்னங்க, வயசாச்சு."

"எவ்வளவு நாளா வயித்துக்கு முடியல?"

"முடியாமயெல்லாம் இல்லீங்களே. ரவை உப்புமா, பன்னு, இதெல்லாம் தின்னா வலிக்கும், உப்பிக்கும், ரெண்டு தடவ ஓடணும். சின்னப் புள்ளையிலேருந்து அப்புடித்தான். அது எல்லாருக்கும் இருக்கறதுதான?"

மஞ்சு அக்காவைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள் வெற்றிச்செல்வி. "எல்லாருக்கும் வலிக்காது."

அம்சவள்ளி நம்பாமல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டரும் இல்லையென்று தலையசைத்தார். அவள் மஞ்சுவைப் பார்த்தாள். "ஒனக்கு? சாப்புட்டா வலிக்காதா?"

"வலிக்காதும்மா. ஒரு நாளும் வலிச்சதில்ல."

அப்போதுதான் அம்சவள்ளிக்கு உறைத்தது. எழுந்துபோய் மூத்தவளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வலிக்குது, எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு நெனச்சேன்டி. அதனாலதான் ஒன்ன அப்புடித் திட்டுனேன்."