பன்னிரண்டு விநாடிக்கு அப்புறம்

லிஃப்ட்காரருடைய போனுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது அழைப்புகள் வரும். அவற்றில் நூறு, ‘எப்ப வருவீங்க’ என்று கேட்பவை. நாற்பது, ‘வரேன்னீங்களே’ என்று தொடங்குபவை. மிச்சம் பத்துதான் உண்மையான தொழில். அந்தப் பத்தில் என்றாவது ஒன்று லிஃப்டுக்கு உள்ளேயிருந்து வரும்.

அவர் பராமரித்த நாற்பது லிஃப்டுகளிலும் கதவோரம் ஒரு மஞ்சள் பட்டன் உண்டு. அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, கருவிக்குள் ஒரு சிம். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் பட்டனை அமுக்கினால் அழைப்பு நேராக லிஃப்ட்காரரின் சட்டைப் பைக்கு வந்துவிடும். அந்த நாற்பது சிம்மும், போனில் இருக்கும் நாற்பத்தோராவதும் ஒரே கம்பெனி. ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனியைப் பொறுக்கி எடுத்தவர் மச்சான். மனைவியின் அண்ணன். தொழிலில் சரிபாதி, போனில் பேசும் வேலையில் முழுப் பங்கு.

மச்சான் போய் நான்கு மாதம் ஆகிறது. வாழ்நாளெல்லாம் பத்து மாடி லிஃப்ட் குழிகளுக்குள் ஏறி இறங்கிய மனிதர், வீட்டுத் தரைத்தளத்தில், மதியம் சாப்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி போனார். போன் அப்போது சார்ஜில் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அதில் பதினாறு மிஸ்டு கால். பதினாறு பேர் ‘ஆளையே காணோமே’ என்று கோபித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் பதினாறு பேருமே அதையே அழுதுகொண்டு சொன்னார்கள்.

அன்றிலிருந்து அந்தப் போன் லிஃப்ட்காரரிடம். அதன் முதுகு வீங்கியிருந்தது. அரை மணி நேரம் பேசினால் காதுக்கு இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. லிஃப்டுக்குள்ளிருந்து வரும் அழைப்பு சரியாகப் பன்னிரண்டாவது விநாடியில் அறுந்துவிடும்.

“ஹலோ, நான் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும்—”

அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும். மச்சான் காலத்திலும் இப்படித்தானா என்று கேட்க மச்சான் இல்லை.

முதலில் சொன்னது ஒரு பல் மருத்துவமனை நர்ஸ். கதவைப் பிளந்து அவளை வெளியே எடுத்தபோது செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

“மன்னிச்சுக்கோம்மா, லைன் கட் ஆயிடுச்சு. தனியா பயந்திருப்பே.”

“எங்க கட் ஆச்சு? அவர் பேசிக்கிட்டேதானே இருந்தார்.”

“எவர்?”

“உங்க ஆபீஸ்ல இருக்கிறவர். செருப்பைக் கழட்டிட்டு உட்காரச் சொன்னார். செருப்பு கால்ல இருந்தா மனசு கிளம்பணும் கிளம்பணும்னு அடிச்சுக்குமாம். சார், தப்பா நெனைக்காதீங்க, முதல்லயே அவரை எடுக்கச் சொல்லலாம்ல? நீங்க எடுத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்ட மாதிரி இருக்கு.”

லிஃப்ட்காரரின் ஆபீஸில் இருந்தது ஒரு மேசை, ஒரு கிரீஸ் டப்பா, போன வருடத்துக் காலண்டர். போனை எடுத்துப் பார்த்தார். அழைப்பு நேரம் பன்னிரண்டு விநாடி. செருப்பு வசனம் மச்சானுடையது. மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரிடமும் ஒன்பது வருடம், ஒரு சொல் மாறாமல், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் செருப்பும் கையுமாக வெளியே வந்தார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா, “அந்தப் பெரியவருக்கு இருமல் இருக்கு, பார்க்கச் சொல்லுங்க” என்றார். லிஃப்ட்காரர் சொல்கிறேன் என்றார்.

மாடி மாடியாக டாக்டர்கள் இருக்கும் கட்டடம் ஒன்று உண்டு. அதில் மட்டும் பதின்மூன்று லிஃப்ட். அதன் மேனேஜர் எதையும் தானே சோதித்துப் பார்ப்பவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுக்குள் நின்று மஞ்சள் பட்டனை அமுக்கினார். பன்னிரண்டு விநாடியில் அறுந்தது. அவரிடம் யாரும் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. பயமில்லாதவர்களிடம் பேச்சு கிடையாது போலிருக்கிறது.

“மாசக் கடைசிக்குள்ள நல்ல போனா, நல்ல சிம்மா மாத்துங்க. இல்லன்னா நான் ஆளை மாத்திடறேன்” என்றார் மேனேஜர்.

போன் கடையில் இருந்த பெண் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினாள். “இதுல கேமரா பிரமாதம் சார். நிலா எடுத்தா நிலாவுல பள்ளம் தெரியும்.”

“நான் பள்ளத்துக்குள்ளதான் இருப்பேன். எலிதான் இருக்கும். அது போட்டோவுக்கு நிக்காது.”

“அப்ப என்னதான் வேணும்?”

“ஒரு நாளைக்கு நூத்தம்பது கால். கிரீஸ் கையோட தொட்டா வேலை செய்யணும். மோட்டார் சத்தத்துல கேக்கணும். சாயங்காலம் வரைக்கும் சாகக் கூடாது.”

அவள் கீழ்த்தட்டிலிருந்து செங்கல் போன்ற ஒன்றை எடுத்து வைத்தாள். அழகு பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. கீழே விழுந்தால் தரைக்குத்தான் ஆபத்து. லிஃப்ட்காரருக்கு உடனே பிடித்துவிட்டது. பில் போடும் நேரத்தில்தான் அவள் கேட்டாள்.

“கால் கட் ஆகுதுன்னீங்களே, எல்லாக் காலும் கட் ஆகுதா?”

“இல்ல. லிஃப்டுக்குள்ள இருந்து வர்றது மட்டும்.”

“அப்ப போன் மேல ஏன் சார் பழி போடறீங்க? உள்ள டவர் இல்ல. சிம் கம்பெனியைப் பாருங்க.” சோதித்துப் பார்க்க மூன்று கம்பெனிகளின் சிம்மும் கொடுத்து அனுப்பினாள்.

லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. டவர் பார்க்காமல் சிம் வாங்குகிற ஆளா மச்சான்? இரண்டு வாரம் நாற்பது லிஃப்டிலும் ஏறி, மாடிக்கு மாடி நிறுத்தி, நோட்டில் எழுதியவர். நோட்டு மேசை டிராயரிலேயே இருந்தது. கட்டடம், மாடி, சிக்னல் கோடு. எல்லா இடத்திலும் நாலு கோடு. அடித்தளத்தில்கூட மூன்று.

மறுநாள் காலை டாக்டர்கள் கட்டடத்துக்கு நோட்டோடு போனார். வழக்கம்போல் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். பழைய சிம்மைச் செங்கலில் போட்டுப் பார்த்தார். நாலு கோடு. மச்சான் எழுதியது எழுதியபடி.

அப்புறம் தன் கால்களைப் பார்த்தார். கால்களுக்குக் கீழே இரும்புக் கூரை.

லிஃப்ட் மெக்கானிக் எவனும் லிஃப்டுக்கு உள்ளே நின்று வேலை பார்ப்பதில்லை. தலைமேல்தான் நிற்பான், தலைமேல்தான் டீ குடிப்பான். மச்சானும் இரண்டு வாரமும் தலைமேல் நின்றே கோடு எண்ணியிருக்கிறார். மாட்டிக்கொள்கிறவர்கள் பெட்டிக்கு உள்ளே இருப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் ஒன்பது வருடமாகத் தோன்றவில்லை.

கீழே வந்து பெட்டிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாதி மாடியில் நிறுத்தினார். ஒரு கோடு வந்தது, தயங்கியது, போய்விட்டது. மற்ற மூன்று சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டார். விளம்பரத்தில் மலை உச்சியில் ஆடிப் பாடும் கம்பெனிக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று மின்னி மறைந்தது. பெயர் சொன்னால் யாரும் மதிக்காத மூன்றாவது கம்பெனிக்கு இரண்டு கோடு. அசையாமல் நின்றது.

வேலை முடிந்தது. ஆனாலும் அவர் கிளம்பவில்லை. பழைய சிம்மைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மஞ்சள் பட்டனை அமுக்கினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எடுத்தார், பன்னிரண்டில் அறுந்தது. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“மச்சான்” என்றார். “நான்தான்.”

மின்விசிறி சுற்றியது. மேலே எங்கோ கம்பிவடம் முனகியது. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். நர்ஸிடம் பேசியவர், குமாஸ்தாவிடம் பேசியவர், இருபது வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவனிடம் ஒரு ‘ம்’ கூடச் சொல்லவில்லை. பூட்ஸை மாட்டும்போது கயிறு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். மச்சான் அவளுக்கு ஒரே ஒரு வயது மூத்தவர் என்பதால் உயிரோடு இருந்தபோதும் ‘அவன்’தான், இப்போதும் ‘அவன்’தான்.

“அப்ப சிம்மை மாத்தினா லைன் கட் ஆகாது.”

“ஆகாது.”

“கட் ஆகலன்னா அவன் பேச மாட்டான்.”

லிஃப்ட்காரர் அவள் மடித்து வைத்த சட்டையை எடுத்து மறுபடி மடித்தார்.

“மாத்தக் கூடாது” என்றாள் அவள். “செத்தும் வேலைக்கு வந்துக்கிட்டிருக்கான், அவனைப் போய் வேலையை விட்டுத் தூக்கறீங்களே! நீங்க மனுஷனா, மேனேஜரா?”

சனிக்கிழமை பகல் பதினொன்றுக்கு டாக்டர்கள் கட்டடத்தின் ஏழாவது லிஃப்டிலிருந்து அழைப்பு வந்தது. யாரும் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். பன்னிரண்டில் அறுந்தது. அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். மோட்டாரில் கோளாறு இல்லை. உள்ளேயிருந்த நிறுத்து சுவிட்சை யாரோ போட்டிருந்தார்கள். கதவைப் பிளந்தால், தரையில் சம்மணம் போட்டு, மடியில் செருப்போடு, அவருடைய மனைவி.

“என்ன இது?”

“பயம் வந்தாத்தானே பேசுவான். கண்ணை மூடிக்கிட்டு நெசமாவே பயந்தேன்” என்றாள். முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. “பேசினான். சும்மா அடிக்கடி வராதேன்னு திட்டினான்.”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையில் போன் அதிர்ந்தது. ஊரின் மறுகோடியிலிருந்து. “சார், என் மாத்தி—” என்றது ஒரு வயதான குரல். பன்னிரண்டுகூட ஆகவில்லை.

நெரிசலில் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. மனைவியும் கூடவே வந்தாள். கதவு திறந்தபோது உள்ளே ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சுவரில் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. செருப்பு ஓரமாக ஜோடியாக இருந்தது. மாத்திரை மூன்றாவது மாடியில், மகள் வீட்டில் என்று சைகையில் காட்டினார். லிஃப்ட்காரர் படியில் நாலு நாலாகத் தாவி அதை எடுத்துவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியாருக்குக் குரல் வந்தது.

“உங்க ஆள் பாவம் சார். நெஞ்சு வலிக்குது, மாத்திரை மூணாவது மாடியில இருக்கு, மககிட்ட சொல்லுங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். சொல்றேன் சொல்றேன்னார். யார்கிட்டயும் சொல்ல முடியலை போல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கடைசியில நான் அவரைத் தேத்த வேண்டியதாப் போச்சு. அப்படி அழுதார்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி நோட்டைக் கேட்டாள். நாலு கோடு, நாலு கோடு, நாலு கோடு என்று பக்கம் பக்கமாக இருந்த அண்ணனின் எழுத்தை விரலால் தடவினாள்.

“எல்லாம் தலைமேல நின்னு பார்த்ததா?”

“ஆமா.”

“மடையன்” என்றாள். அப்புறம், “மாத்துங்க” என்றாள்.

முப்பத்தொன்பது சிம்மை மாற்ற மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கதவைச் சாத்தி, பாதி மாடியில் நிறுத்தி, உள்ளே நின்று பார்த்தார். நோட்டில் புதிதாக எழுதினார். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. பார்க்கக் கேவலமான எண்கள். ஆனால் ஒரு அழைப்பும் அறுபடவில்லை. புது எண்ணை ஒட்டிய செங்கலை மேனேஜர் வாங்கி எடை பார்த்துவிட்டு, “இதை வச்சு ஆளை அடிக்கலாம் போல” என்று திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக மிஞ்சியது ஏழாவது லிஃப்ட். மனைவி ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “இதை நான் பார்த்துக்கறேன். நீங்க வெளியில நில்லுங்க.”

கதவு மூடியது. பெட்டி அரை மாடி ஏறி நின்றது. பழைய போன் அவர் கையில் அதிர்ந்தது. எடுத்தார். மனைவியின் மூச்சு. பன்னிரண்டு எண்ணினார். அறுந்தது.

இரும்புக் கதவில் காதை வைத்தார். மனைவியின் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. ஏதோ கேட்டாள். நிறுத்தினாள். ஒரு இடத்தில் சிரித்தாள். நிறுத்திய இடங்களில் எல்லாம் அவருக்கு மின்விசிறிச் சத்தம்தான். கதவின் குளிர்ச்சி காதிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. ஒரு தடவை இருமல் போல் ஒன்று கேட்டது. கம்பிவடமாகவும் இருக்கலாம்.

பெட்டி இறங்கிக் கதவு திறந்தது. அவள் உள்ளங்கையில் பழைய சிம் இருந்தது. அவர் கண் தானாகக் கீழே போயிற்று. செருப்பு காலில் இருந்தது.

“கழட்டச் சொல்லலையா?”

“கழட்டிட்டுத்தான் உட்கார்ந்தேன்” என்றாள். “மாட்டிக்கோன்னான்.”

அவர் சிம்மை வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது.

“என்னைப் பத்தி எதாவது கேட்டாரா?”

அவள் யோசித்தாள். “மாப்ளயை இனிமே கொஞ்சம் மெதுவாப் பேசச் சொன்னான்.”

அப்போது செங்கல் அதிர்ந்தது. நான்காவது லிஃப்ட். ஒரு சின்னப் பெண்ணின் அலறல், தெளிவாக, எட்டு மாடி தாண்டிக் கேட்டது. லிஃப்ட்காரர் படியை நோக்கி நடந்துகொண்டே தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு விநாடி தாண்டியது. இருபது தாண்டியது. அவர் இன்னும் லைனில்தான் இருந்தார். பேச வேண்டியது அவர்தான்.

“பாப்பா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்” என்றார். குரல் அவருக்கே பழக்கமில்லாமல் மெதுவாக வந்தது. “முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உட்காரு.”